முப்பத்தொரு பேர் கண்ணில் ஒரே புள்ளி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். மோட்டார் போடுகிறேன். பல் தேய்க்கிறேன். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். ஆனாலும் மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன். பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றி அடுப்பில் வைக்கிறேன். காபி ஒரு டம்ளர். பாக்கெட் மாவில் தோசை மூன்று. மூன்றாவது எப்போதும் கருகும். அதையும் சாப்பிடுகிறேன். குளிக்கிறேன். தேய்த்த சட்டை இருந்தால் அது, இல்லையென்றால் நேற்றையது.

ஏழரைக்குப் போனைத் திறந்தால் முப்பத்தொரு பேர் எனக்குக் காலை வணக்கம் சொல்லியிருப்பார்கள். ரோஜாப்பூ, குத்துவிளக்கு, யாரோ பெற்ற குழந்தை, சூரியன். குரூப்பின் பெயர் ‘ஆவுடை குடும்பம்’.

ஆவுடை என் மனைவி. இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

கயத்தாறு பக்கம் காற்றாலை இறக்கைகளில் விரிசல் பார்ப்பது அவள் வேலை. முந்நூறு அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பார்ப்பாள். அங்கிருந்து ஒரு நாளும் விழவில்லை. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது நாற்கரச் சாலையில் ஒரு சிமெண்ட் லாரி பின்னால் வந்து இடித்தது. லாரியை ஓட்டியது கம்ப்யூட்டர். அது மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒரு மெயில் அனுப்பியது. நன்றாக எழுதப்பட்ட மெயில். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அவ்வளவு நன்றாகத் துக்கம் விசாரிக்கவில்லை.

கண்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். அன்று யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேளத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டதற்கும் சரி என்றேன்.

முன்பெல்லாம் ஒருவருடைய கண்கள் இரண்டு பேருக்குத்தான் போகும். இப்போது கருவிழியைச் சுற்றியுள்ள ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, தட்டில் வைத்து வளர்க்கிறார்கள். வளர்ந்ததை மெல்லிய படலமாக உரித்து, ஆசிட்டிலோ சுண்ணாம்பிலோ வெந்துபோன கண்களின் மேல் ஒட்டுகிறார்கள். ஒட்டியது பிடித்துக்கொண்டால் பார்வை வரும். ஆவுடையை முப்பத்திரண்டு பேருக்கு ஒட்டினார்கள். பாளையங்கோட்டை ஒளிமுத்து கண் மருத்துவமனை அதற்கு ஒரு விழா எடுத்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு அப்போதுதான் பார்வை வந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்னப் பையனா?” என்றார்.

அவர் பெயர் மாடசாமி. வயது அறுபத்திரண்டு. ஊர் தாழையூத்து. பேட்டரிக் கடை. பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு லாரி பேட்டரி வெடித்து இரண்டு கண்களும் போயின. உறவுமுறைப் பேச்சைக் கிளப்பியது அவர்தான்.

“ஆவுடை செல்லு நம்ம கண்ணுல ஓடுது. அப்பம் நாம அவளுக்குக் கூடப்பொறந்தவன். அப்பம் இவரு நமக்கு மாப்ள.”

சிவகாசியில் வெடி விபத்தில் கண் போன ஓர் அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. “அவ உடம்புல இருந்து வந்தா பிள்ளைல்லா? இவரு நமக்கு அப்பா முறை வேணும்.”

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை முறை வென்றது. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நான் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகாமல் தப்பினேன்.

போன திங்கட்கிழமை டாக்டர் ஜைனப் போன் செய்தார். ஒட்டும் பிரிவுக்குத் தலைவி. மேலப்பாளையத்துக்காரர். சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்க மாட்டார். அன்று கேட்கவில்லை.

“துரை, கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

போனேன். நான் வண்ணாரப்பேட்டை மின்பேருந்துப் பணிமனையில் இருக்கிறேன். எந்த பஸ் எப்போது சார்ஜ் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டரை மேற்பார்வை பார்க்கிறேன். அது தப்பு செய்வதில்லை. அதனால் எப்போது வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

டாக்டர் திரையைக் காட்டினார். கண்கள். ஆறு வரிசையாகக் கண்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பகுதியில், கருவிழிக்குச் சற்றுக் கீழே, ஒரு பழுப்புப் புள்ளி. கடுகு அளவு.

“முப்பத்திரண்டு பேருக்கும் வந்திருக்கு. ஒரே இடம். ஒட்டின படலத்துல இருந்து வளருது.”

“அப்படின்னா?”

“அப்படின்னா அது உங்க சம்சாரத்துக்கிட்ட இருந்து வந்தது. அவங்க செல்லுல இருந்திருக்கு, நாங்க கவனிக்காம அதையும் சேத்து வளத்துட்டோம். இப்ப அது என்னன்னு தெரியணும்.”

“மெஷின் இருக்குல்ல?”

அந்த மெஷினுக்கு மருத்துவமனை வைத்த பெயர் விழித்துணை. நர்சுகள் வைத்த பெயர் ஜோசியர். கண்ணை ஒரு படம் எடுத்தால் அதில் வளர்ந்திருப்பது என்ன என்று சொல்லிவிடும்.

“ஐம்பத்தொரு சதவீதம் மச்சம்னு சொல்லுது. காலையில கேட்டா. மத்தியானம் கேட்டா நாப்பத்தொம்பது. பூவா தலையா போட்டிருந்தா கரண்டாவது மிச்சம்.”

“மச்சம் இல்லைன்னா?”

“புத்துநோய். சொன்னா வாயில பல்லு விழுந்துராது. கண்ணுல வர்ற புத்துலயே கெட்டது. கண்ணோட நிக்காது, கல்லீரலுக்குப் போகும்.” பேனாவால் திரையில் ஒரு கண்ணைத் தொட்டார். “மச்சம்னா உள்ள சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் தெரியும். புத்துன்னா தடிச்ச ரத்தக்குழாய் அதைத் தேடி ஓடி வரும். இதுல ரெண்டும் இருக்கு. ஏன்னா இது தட்டுல வச்சு, ஊட்டம் கொடுத்து, அவசரமா வளத்த செல்லு. பிராய்லர் கோழி மாதிரி. பிராய்லரைப் பாத்து அதோட பாட்டன் சண்டைக்கோழியா இல்லையான்னு எப்படிச் சொல்றது?”

“வெட்டிப் பாக்கலாமே.”

“ஒருத்தருக்குப் பாத்தோம். சங்கரன்கோவில் ஜவுளிக்கடைக்காரர். அவரே முன்வந்தாரு. பரிசோதனையில ‘இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்’னு வந்துச்சு. அவருக்குக் கண்ணு போச்சு. அது மட்டும் உறுதி.”

அப்படித்தான் முப்பத்திரண்டு முப்பத்தொன்றானது. அவர் இன்னும் குரூப்பில் இருக்கிறார். அவருக்கு வரும் வணக்கங்களைப் பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். அதனால் நான் அவரை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கிறேன்.

“படலத்தை எடுத்தா இன்னொண்ணு வைக்க முடியாதா?”

“உடம்பு ஒரு தடவை விருந்தாளின்னு நினைச்சு உள்ள விட்டுச்சு. அடுத்த தடவை கதவைத் திறக்காது. எடுத்தா இருட்டு, அவ்வளவுதான். புத்துன்னா எடுத்தே ஆகணும். மச்சம்னா எடுத்தது கொலைபாதகம்.” நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “ஒரே வழிதான் இருக்கு. எங்க வாத்தியார் காலத்துல இருந்து இருக்கற வழி. இது எப்ப வந்ததுன்னு கேக்கறது. பொறந்ததுல இருந்தோ சின்ன வயசுல இருந்தோ இருந்தா மச்சம். முப்பது வயசுல திடீர்னு வந்தா மச்சம் இல்ல. ஆவுடை கண்ணுல அந்தப் புள்ளி எப்ப இருந்து இருந்துச்சு?”

“தெரியாது” என்றேன்.

“நாலு வருசம் குடும்பம் நடத்தியிருக்கீங்க.”

“ஆமா.”

“கண்ணைப் பாத்து ஒரு தடவைகூடப் பேசலியா?”

“பேசியிருக்கேன். புள்ளியைப் பாக்கலை.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எடுத்த கண்களில் எதுவும் மிச்சமில்லை என்றும், எடுத்த அன்று யாரும் வெள்ளைப் பகுதியைப் படம் எடுக்கவில்லை என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் கமிட்டி இதை முடிவு செய்யக் கூடுகிறது.

“நான் ஒண்ணும் சொல்லலைன்னா?”

“கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்னு கமிட்டி சொல்லும். கமிட்டிக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை. மச்சமா இருந்தா நல்லது. இல்லைன்னா மூணு மாசத்துல முப்பத்தொரு பேருக்கும் வயித்துல தெரியும்.”

வீட்டுக்கு வந்து படங்களைத் தேடினேன். கல்யாண ஆல்பத்தில் ஆவுடையின் கண்கள் உரித்த முட்டை போல இருந்தன. என்னுடையதும் அப்படித்தான். மேடையில் நின்ற ஐயருக்கும் அப்படித்தான். ஸ்டுடியோக்காரர் எல்லாருக்கும் ஒரே வெள்ளையடித்திருந்தார். போனில் நாலாயிரம் படம் இருந்தது. பத்து வருடமாக எந்தப் போனும் உள்ளதை உள்ளபடி எடுப்பதில்லை. பருவை எடுத்துவிடுகிறது, கண்ணில் சிவப்பை எடுத்துவிடுகிறது. புள்ளியை விடுமா? நாலாயிரம் படத்திலும் அவள் நோய்நொடி இல்லாமல் இருந்தாள்.

புதன்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனேன். மானூர். பெயர் குருவம்மாள். ஆவுடை ஒரே பிள்ளை. இந்தப் பதினான்கு மாதத்தில் அத்தை ஒட்டுவாங்கிய முப்பத்திரண்டு பேர் வீட்டுக்கும் போய்வந்துவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் கண்ணைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கொண்டுபோன அதிரசத்தைக் கொடுத்துவிட்டு வருவார். விஷயத்தை மாடசாமி அதற்குள் போனில் சொல்லியிருந்தார்.

“வாங்க மாப்ளே. இருங்க. நீங்க வருவீயன்னு எடுத்து வச்சிருக்கேன்.”

பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம். ஆவுடையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். டி.சி. பத்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்தது. கோபுரச் சின்னம், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. அத்தை விரலை வைத்த இடத்தில் படித்தேன். அங்க அடையாளங்கள். ஒன்று, இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு மச்சம். இரண்டு, வலது முழங்கையில் ஒரு தழும்பு.

“பாத்தியளா? பதினஞ்சு வயசுலயே இருந்திருக்கு. கவர்மெண்டு முத்திரை.”

பார்த்தேன். நெஞ்சில் எதுவோ இறங்கியது. நிம்மதி என்று நினைத்தேன். அத்தை போட்டுக்கொடுத்த காபியைக் குடித்தேன். இரண்டாவது வரியை மறுபடியும் படித்தேன்.

“அத்தை, முழங்கையில தழும்பு எங்க இருந்தது?”

“எந்த முழங்கையில?”

“வலது.”

அத்தை கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். “அது ஆறிப்போச்சு.”

“தழும்பு ஆறாது அத்தை.”

ஆவுடையின் கண்ணை நான் கவனிக்கவில்லை. முழங்கையைக் கவனித்திருக்கிறேன். கயிற்றில் தொங்குகிறவள், தினமும் வந்து முழங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்வாள். இரண்டிலும் தழும்பு கிடையாது. இதை நான் எந்தக் கமிட்டியிலும் சத்தியம் செய்வேன்.

அத்தை துண்டை இன்னொரு முறை மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனதும் உட்கார்ந்தார்.

“அடையாளம் எழுதுன அன்னைக்கு அவ பள்ளிக்கூடம் போகல. அம்மை போட்டிருந்தது. வராத பிள்ளைய எட்டு பேருக்கும் ஞானதீபம் டீச்சரே எழுதிட்டா.”

“என்னன்னு?”

“தன் உடம்புல உள்ளத எழுதிட்டா. டீச்சருக்கு இடது கண்ணுல மச்சம் உண்டு. கையில தழும்பும் உண்டு, பிரஷர் குக்கர் சுட்டது. ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. போய்க் கேட்டதுக்கு, ‘என்னம்மா, அடையாளத்த வச்சுப் பிள்ளைய தொலைஞ்சா போயிரப் போகுது’ங்கா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். எட்டுப் பெண்கள், எட்டுப் பேருக்கும் குக்கர் சுட்ட தழும்பு. அத்தை முதலில் நிறுத்தினார்.

“மாப்ளே. டீச்சர் கதை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“ஆமா.”

“நான் பெத்தது ஒண்ணு. அந்த ஒண்ணும் போச்சு. இப்பம் முப்பத்தொண்ணு இருக்கு. தாழையூத்துல ஒண்ணு, சிவகாசியில ஒண்ணு, களக்காட்டுல ஒண்ணு. பஸ் ஏறிப் போனா பாத்துட்டு வரலாம். அவளோட செல்லு அங்கதான உயிரோட இருக்கு? வெட்டி எடுத்தா என்ன செய்வாவ?”

“எரிச்சிருவாங்க அத்தை.”

“ஒரு தடவை எரிச்சது காணாதா?”

டி.சி.யை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனை வராந்தாவில் மாடசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சார்பாக வந்திருப்பதாகச் சொன்னார்.

“பயந்துட்டீயளா மாப்ளே? சும்மா உக்காருங்க. கூட்டமா வந்தா மிரட்டுன மாதிரி இருக்கும்னு என்னை மட்டும் அனுப்பிச்சாவ. நானும் மிரட்டத்தான் வந்திருக்கேன், ஆனா தனியா.”

உட்கார்ந்தேன்.

“பத்து வருசமா எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கல. ஆவுடை புண்ணியத்துல பாத்தேன். பாத்திருக்க வேண்டாம்னு தோணுச்சு, அது வேற விசயம். எம் பேத்திக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து மொளைக்கிறதப் பாத்தேன்.” இடது கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். “பாருங்க. இதான் அது. நல்லா கிட்ட வந்து பாருங்க.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். நரம்பு ஓடிய பழைய வெள்ளை. அதில் ஒரு பழுப்புப் புள்ளி. அதன் விளிம்பு ஒரு பக்கம் கூர்மையாகவும் இன்னொரு பக்கம் கலங்கியும் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அவர் கண் கொட்டாமல் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றுப் பட்டதால்.

“வலிக்குதா?”

“ஒண்ணும் செய்யல. சாதுவா கெடக்கு. மாப்ளே, உள்ளதச் சொல்லுங்க. கண்ணு போற மாதிரி உள்ளதா இருந்தா மட்டும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“உயிர் போற மாதிரி இருந்தா?”

அவர் இமையை விட்டார். “அதுக்குந்தான் யோசிக்கணும். எனக்கு அறுபத்திரண்டு. நம்ம குரூப்புல கழுகுமலைப் பிள்ளைக்குப் பத்தொம்பது. அவ இப்பதான் நர்சிங் சேந்திருக்கா.” எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “எனக்குன்னா இருட்டுல இருந்து பழக்கம். அவளுக்குச் சாகப் பழக்கம் இல்ல. போங்க உள்ள.”

டாக்டர் ஜைனப்பின் மேசையில் ஒரு படிவம் இருந்தது. பக்கத்தில் மருத்துவமனை புதிதாக அச்சடித்த கண்தான விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு. அட்டையில் உரித்த முட்டைக் கண்களோடு ஆவுடை சிரித்தாள். கீழே கொட்டை எழுத்தில்: ‘நான் போனாலும் என் கண்கள் இந்த ஊரைப் பார்க்கட்டும். ஆவுடையின் கடைசி வார்த்தைகள்.’

“இதை யார் எழுதினது?”

“விளம்பரப் பிரிவுல ஒரு தம்பி. வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம். நான் கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன். கிழிக்கிற ஆளு லீவு.” டாக்டர் என் கையைப் பார்த்தார். “அது என்ன?”

கொடுத்தேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் தோள்கள் இரண்டும் கீழே இறங்குவதை முதல் முறையாகப் பார்த்தேன்.

“அல்ஹம்துலில்லாஹ். துரை, இதைத் திங்கக்கிழமையே கொண்டு வந்திருக்கக் கூடாதா? நாலு நாளா தூங்கல நான்.” படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “சின்ன வயசுல இருந்தே. ஆதாரம், பள்ளிச் சான்றிதழ். முடிஞ்சுது.”

“அதுல உள்ள மச்சம் டீச்சரோடது.”

பேனா நின்றது.

சொன்னேன். அம்மை, எட்டுப் பிள்ளைகள், குக்கர். டாக்டர் சிரிக்கவில்லை. டி.சி.யைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி. அப்ப மறுபடியும் தெரியாதுங்கற இடத்துக்கே வந்துட்டோம்.”

“இல்லை” என்றேன். “தெரியாதுன்னு நான் சொன்னது பொய் இல்லை. நான் பாக்கலை. ஆனா அவ சொன்னா.”

“எப்ப?”

“அன்னைக்கு.”

“அன்னைக்குன்னா?”

“ஸ்கூட்டர் எடுக்கறதுக்கு முன்னாடி. எட்டேகால் இருக்கும். வாஷ்பேசின் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. கயத்தாறு பஸ் ஒண்ணு சார்ஜ் ஏறாம நின்னுருச்சு, நான் போன்ல அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையைத் தூக்கலை. பொறுன்னு சொன்னேன்.”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியே மாடசாமியின் இருமல் கேட்டது.

“இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருத்தரா மேசையில படுக்க வைக்கணும். நான்தான் செய்யணும்.”

“தெரியும்.”

“உங்க மாமியாருக்கு?”

“நான் போய்ச் சொல்றேன்.”

அவர் பழைய படிவத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிய ஒன்றை எடுத்தார். தேதி எழுதினார். ஆவுடையின் பெயரை எழுதினார். வயது முப்பது என்று எழுதினார்.

“நோயாளி தன் குறையைச் சொன்னது எப்படியோ அதே வார்த்தையிலதான் எழுதணும். அதான் விதி. நீங்க புரிஞ்சுக்கிட்டது வேண்டாம், அழகாவும் வேண்டாம். அவங்க வாயில வந்தது என்னவோ அது மட்டும்.”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

“துரை, இங்க வாயேன். இடது கண்ணுல ஒரு புள்ளி வந்திருக்கு, போன மாசம் இல்ல. ஏய், உன்னத்தான், ஒரு நிமிசம் பாரு. சரி விடு, சாயங்காலம் வந்து காட்டுதேன். அது எங்க போயிரப் போவுது.”